ரப்பர் புழு பாய்

பாய் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காது. விரல் முட்டியை மரத்தின் மேல் வைத்து எடுப்பார், அவ்வளவுதான். தட்டிவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்வார். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், மூட்டை சுமக்கிற தோள். அந்த உடம்பிலிருந்து இவ்வளவு சின்னச் சத்தம் வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? பூனை உரசுகிறது என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். எதற்கோ வெளியே வந்தால், வெயிலில் வேர்த்து வடிய நின்றுகொண்டிருப்பார்.

"எவ்ளோ நேரமா நிக்கிறீங்க பாய்? ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"குடுத்தேன் தம்பி."

பஸ்ஸை நிறுத்துவதும் இதே லட்சணம்தான். லப்பைக்குடிக்காடு பஸ் ஸ்டாப்பில் எல்லாரும் பாதி ரோட்டுக்குப் போய்க் கையை வீசுவார்கள். பாய் ஓரமாக நின்று ஒற்றை விரலை இடுப்புக்கு மேலே உயர்த்துவார். பஸ் போய்விடும். "டிரைவர் பாத்தாரு தம்பி. பாவம், அவருக்கு என்ன அவசரமோ" என்பார். டீக்கடையில் "சக்கரை வேணாங்க" என்று அவர் சொல்வது மாஸ்டருக்குக் கேட்காது. மாஸ்டர் நிமிர்ந்து, "ஆங்?" என்பார். உடனே பாய், "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீயை முகம் சுளிக்காமல் குடிப்பார். சர்க்கரையைத் தொடக்கூடாது என்று அவருக்கு டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்கு என்ன, அவர் டீ போடுகிறவரா? அந்த மனுஷனுடைய காலம் முழுக்க அந்த "ஆங்"குக்கும் "ஒண்ணுமில்லைங்க"வுக்கும் நடுவிலேயே கழிந்துகொண்டிருந்தது.

நான் நேர் எதிர். எனக்குப் பொறுமை கிடையாது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை. அந்தக் காலத்தில் பாய் வீட்டுத் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தேன். இப்போது அரியலூருக்கு வந்துவிட்டேன். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற விவசாயி, நெல்லு காயுது நெல்லு காயுது என்று தலைமேல் நிற்பான். அந்த வேலையில் இருப்பவன் மெதுவாகப் பேசினால் பிழைக்க முடியாது.

பாய் என் கடைக்கு முதன்முதலில் வந்தது மோட்டாருக்காக இல்லை. பையிலிருந்து உள்ளங்கையளவு தூண்டில் ராட்டினம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கூடவே ஒரு நூல் கட்டு. நூல் என்றால் நூல்தான். என் கடையிலேயே மிக மெல்லிய செம்புக் கம்பி அதன் பக்கத்தில் தாம்புக்கயிறாகத் தெரியும். "கையால சுத்துனா முறுக்கு விழுது தம்பி. உங்க காயில் மிஷின்ல வச்சு சுத்திக் குடுக்க முடியுமா?" என்றார். அதாவது, அப்படித்தான் கேட்டார் என்று மூன்று தடவை "ஆங்?" சொன்ன பிறகு தெரிந்துகொண்டேன். மூன்று தடவையும் அவர் "ஒண்ணுமில்லைங்க" என்று ராட்டினத்தைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனார். மூன்று தடவையும் நான் பிடுங்கினேன். சுற்றிக் கொடுத்தேன். அப்படியே கூட்டாளி ஆகிவிட்டோம்.

அவர் மஸ்கட்டில் தூண்டில் சாமான் விற்கிற கடையில் வேலை பார்த்தவர். லீவில் வந்திருந்தார். அந்தக் கடைக்கு வாடிக்கையாக வருகிற அமெரிக்காக்காரன் ஒருவன், ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது தன் பெட்டி ஒன்றை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பெட்டி நிறைய ரப்பர் புழு. விரல் நீளம், பச்சையும் பழுப்புமாக, உடம்பெல்லாம் சிவப்புப் பொடி தூவின மாதிரி மினுமினுப்பு. பொடிசு பொடிசாய் ஊசிகள், பட்டாணியளவு ஈயக் குண்டுகள். அவன் ஊர் அணைகளில் ஸ்பாட்டட் பாஸ் என்று ஒரு மீன் இருக்கிறதாம். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக இருக்கும். கண்ணாடித் தண்ணீரில் வாழ்கிற, யாரையும் நம்பாத மீன். பெரிய இரையைப் பார்த்தால் சந்தேகப்பட்டு ஒதுங்கிவிடும். அதற்காகவே மெல்லிய நூலில், சின்ன ஊசியில், இந்தப் புழுவை நடு உடம்பில் குத்தி, இரண்டு முனையும் தொங்க, சும்மா தண்ணீரில் இறங்கவிடுவார்கள். ஆட்டக்கூடாது, இழுக்கக்கூடாது. சும்மா இருக்கவேண்டும்.

சும்மா இருப்பதை ஒரு வித்தை என்று யாராவது சொன்னால் பாய்க்கு எப்படி இருந்திருக்கும்! பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார். அந்த வீடியோக்களை எனக்குப் போட்டுக் காட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், புது மாப்பிள்ளை கெட்டான்.

"நம்ம ஊர்ல அந்த மீன் ஏது பாய்?" என்றேன்.

"வெரால் இருக்குல்ல தம்பி. அதுவும் சந்தேகப் பேர்வழிதான்."

"தண்ணி? நம்ம ஏரியில அடி என்ன, கெண்டைக்காலே தெரியாதே."

அதற்கும் யோசித்து வைத்திருந்தார். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டியெடுத்துக் கைவிட்ட பள்ளங்கள் இருக்கின்றன. மழைத் தண்ணீர் வருஷக்கணக்காய்த் தேங்கி, பச்சைக் கண்ணாடியாய்க் கிடக்கும். லாரி இறங்கின சரிவில் நடந்து போனால் தண்ணீர் ஓரம் வரைக்கும் போகலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சிமெண்ட் லாரிக்காரன் கிளப்புகிற புழுதியையெல்லாம் தின்றுகொண்டு, என் பைக்கில் போவோம். அவர் கனத்துக்குப் பைக்கின் முன்சக்கரம் மேடு வந்தால் தரையைத் தொடவே யோசிக்கும்.

நான் மூங்கில் கழியில் மண்புழு போடுகிறவன். தக்கை அசைந்ததா, சுண்டி வீசு. பல நேரம் மீன் தலைக்கு மேலே பறந்து பின்னால் உள்ள கருவேல மரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். முள்ளுக்குள் நுழைந்து எடுத்து வருவேன். கை கால் கீறினாலும் சட்டியில் போட ஏதாவது இருக்கும். பாய் அந்தப் பக்கம் பாறையில் உட்கார்ந்திருப்பார். அவர் தொப்பிகூட அசையாது. ஒரு தடவை ஓணான் ஒன்று அவர் முதுகில் ஏறி, தோளில் சற்று நேரம் வெயில் காய்ந்துவிட்டு, இறங்கிப் போனது.

அப்படி ஒரு நாள்தான் அந்த விரால் வந்தது. தண்ணீர் தெளிவு, மேலே இருந்தே தெரிந்தது. என் முழங்கை நீளம் இருக்கும். புழுவைச் சுற்றி வந்தது, நின்றது, பிறகு வாயில் கவ்விக்கொண்டது. புழுவின் இரண்டு முனையும் வாயின் இரு பக்கமும் மீசைபோலத் தொங்கின.

"பாய்! இழுங்க!"

"சபூரா, பொறுமையா இருங்க தம்பி. வாயில வச்சுப் பாக்குது."

"வெட்டி இழுங்க பாய்!"

"வெட்டுனா நூலு அறுந்துடும். லேசாத் தூக்கணும், அவ்ளோதான்."

"அப்ப லேசாத் தூக்குங்களேன்!"

அங்கேதான் வந்தது கோளாறு. அந்த அமெரிக்காக்காரன் சும்மா இருக்கச் சொன்னான், சரி. ஆனால் மீன் கவ்வியபிறகு கழியைத் தூக்கவேண்டும் என்றும் சொல்லித்தானே இருக்கிறான். சும்மா இருக்கிற பாதி பாய்க்கு அல்வா. தூக்குகிற பாதி வரவே வராது. விரால் மீசையோடு ஒரு சுற்றுச் சுற்றியது. பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். விரால் புழுவைத் துப்பிவிட்டு, ஆழத்தில் இறங்கிப் போய்விட்டது.

"அதுக்கு மனசில்ல தம்பி" என்றார்.

"மனசா? மீனுக்கா? ஏன் பாய், அது வந்து கையெழுத்துப் போட்டுக் குடுக்குமா?" கத்திய கத்தலில் மேலே ரோட்டில் போன ஒரு லாரி நின்று பார்த்துவிட்டுப் போனது. பாய்க்குக் கோபமே வரவில்லை. அன்றைக்கு அவருக்கு வேறு யோசனை இருந்தது. நூலைச் சுற்றிக்கொண்டே, "தம்பி, எனக்குத் திரும்பப் போக இஷ்டமில்ல" என்றார்.

மஸ்கட் கடையை மூடிவிட்டார்களாம். குவைத்தில் கடைகள் வைத்திருக்கிற மச்சான், அதாவது அக்காவுடைய அண்ணன், இவருக்கு அங்கே ஒரு விசா எடுத்துவிட்டார். அடுத்த வாரம் அவரே லீவில் வருகிறார், திரும்பும்போது கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். அக்கா என்று நான் சொல்வது பாயுடைய மனைவியை. அவர்களுக்கு ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. ஒவ்வொரு லீவுக்கும் அந்தப் பிள்ளை முதல் பத்து நாள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இவரைப் பார்க்குமாம். பயம் தெளிந்து தோளில் ஏற ஆரம்பிக்கும்போது லீவு முடிந்துவிடுமாம். இந்தத் தடவைதான் நாள் கிடைத்து, தோளைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பெரம்பலூரில் தூண்டில் சாமான் கடை ஒன்று போட்டு இங்கேயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறார்.

"தண்ணி வராத வருஷம் கிரிக்கெட் மட்டை வச்சுக்குங்க" என்றேன். பிறகுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஆங்-ன்னா."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்லன்னேன்."

தலையில் அடித்துக்கொண்டேன், என் தலையில்தான். "பாய், அவரு வர்ற அன்னைக்கு மொகத்துக்கு நேரா சொல்லிடுங்க. வரலைன்னு ரெண்டு எழுத்து, கூடப் போனா மூணு எழுத்து. சொல்ல மாட்டீங்களா?"

"சொல்லணும் தம்பி. இன்ஷா அல்லாஹ்."

அந்த வாரம்தான் ஜாடி வந்தது. ரப்பர் புழுவுக்கு ஒரு வாசனை ஏற்றியிருப்பார்கள், பூண்டும் உப்பும் கலந்தது. மீன் வாயில் வைத்ததைச் சட்டென்று துப்பாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அது போய்விட்டதால்தான் விரால் துப்பியது என்று பாய் கண்டுபிடித்தார். ஒரு கண்ணாடி ஜாடியில் நல்லெண்ணெய் ஊற்றி, பூண்டை இடித்துப் போட்டு, கல்லுப்பும் சோம்பும் சேர்த்து, ஊசியெல்லாம் கழற்றின புழுக்களை மட்டும் அதில் ஊறவைத்தார். என்னிடம் மூடியைத் திறந்து காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், வாசனை பிடித்ததும் எனக்குத் தயிர்சோறு கேட்டது. கட்டிலுக்கு அடியில் வைத்தால் பூனை உருட்டுகிறது என்று, அக்காவே அதைச் சமையலறை மேல்தட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

மச்சான்காரர் வந்து இறங்கினார். அவருக்கு விருந்து. அன்று காலையில் பார்த்து அந்த வீட்டு போர் மோட்டார் நின்றுபோக, என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். சரிசெய்து முடித்தபோது நெய்ச்சோறு வாசனை தெருவரை வந்துவிட்டது. சாப்பிடாமல் போகக்கூடாது என்று பாய் என் கையைப் பிடித்தார், அதாவது தொட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அதிலேயே சாப்பிடுவது அவர்கள் வழக்கம். சஹன் என்பார்கள். அன்று அந்தச் சஹனைச் சுற்றி மச்சான்காரர், பாய், நான். சுவரோரம் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டி, மேலே பாயின் பெயரும் குவைத் முகவரியும் மார்க்கரில் எழுதித் தயாராக இருந்தது. கறிமசால், முறுக்கு, கருவாடு எல்லாம் அக்கா போட்டுக் கட்டியது. மகள் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது. பாய் சோற்றைப் பார்ப்பார், பெட்டியைப் பார்ப்பார், மச்சானைப் பார்ப்பார், வாயைத் திறப்பார், அதில் ஒரு கவளத்தைப் போட்டுக்கொள்வார்.

பரிமாறியது அக்காவின் அம்மா. மகனைப் பார்க்க அன்று காலையில்தான் வந்தவர், அந்த வீட்டு அலமாரி அவருக்குப் பழக்கமில்லை. மகன் "ஊறுகாய் இல்லையாம்மா?" என்று கேட்டதும் உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார். நாலைந்து துண்டை மகன் பக்கமாக எடுத்து வைத்தார். பச்சையும் பழுப்புமாக, எண்ணெய் வழிய, சிவப்புப் பொடி மினுங்க.

என் வாயில் அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய எலும்புத் துண்டு. பாயின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது.

மச்சான்காரர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். தலையை ஆட்டினார். "கணவாய் ஊறுகாயா? அங்க ஒரு மலையாளத்துக்காரன் போடுவான். அதைவிட இது கொஞ்சம் அழுத்தம். ஆனா பூண்டு சூப்பர்."

"மச்சான்..." என்றார் பாய்.

"ஆங்?"

"முழுங்கிடாதீங்க..."

"ஆங்?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

அடப்பாவி மனுஷா! மச்சான்காரர் இன்னொன்றை எடுத்து, பாதியைக் கடித்து மீதியைக் கையால் இழுத்தார். அது வந்தது. இன்னும் வந்தது. முழங்கை நீட்டுகிற தூரம் வரைக்கும் அறாமல் வந்து, விரலிலிருந்து நழுவி, பளீரென்று அவர் மூக்கிலேயே அடித்தது. எண்ணெய் அவர் மூக்குக்கண்ணாடியெல்லாம் தெறித்தது. நான் எலும்பைத் துப்பிவிட்டுக் கத்தினேன்: "அது ஊறுகா இல்லைங்க! மீன் புடிக்கிற புழு!"

"புழுவா?"

"யா அல்லாஹ்!" என்று அவர் அம்மா கிண்ணத்தைக் கீழே போட்டார்.

"பயப்படாதீங்க, ரப்பர் புழுதான், உசுரு கெடையாது" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். மச்சான்காரர் கொல்லைப்புறம் ஓடினார். நான் சரிசெய்து கொடுத்த மோட்டார் முதன்முதலில் ஓடியது அவர் வாய் கொப்பளிக்கத்தான். அவர் அம்மா அழ, பிள்ளை பெட்டிமேல் குதித்துக் குதித்துச் சிரிக்க, உள்கதவுத் திரைக்குப் பின்னால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. பாய் மட்டும் அசையவில்லை. கீழே சிதறிய புழுக்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தொலைந்தது விசா, பாய் பிழைத்தார் என்றுதான் நான் நினைத்தேன். மச்சான்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன், அது அப்போதுதான் தெரிந்தது. கத்தவே இல்லை.

"மாப்ள, நான் கோவப்படல. தெரியாம நடந்தது. ஆனா ஒண்ணு, பட்டாத்தான் நமக்குப் புத்தி வருது. இங்க இருந்தா இந்தப் புழுவும் கழியும்தான் உங்களைப் புடிச்சுக்கும். எனக்கு லீவு போதும். ஞாயித்துக்கெழமை வரைக்கும் எதுக்கு? வெள்ளிக்கெழமை ஜும்மா தொழுதுட்டுக் கெளம்பிடுவோம். என்ன, சரிதானே?"

விருந்து கெட்டதோடு நாளும் முன்னால் வந்துவிட்டது. பெட்டிமேல் குதித்துக்கொண்டிருந்த பிள்ளை நின்றுவிட்டது. அதற்கு வெள்ளிக்கிழமை என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.

பாய் வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"ஆங்?" என்றார் மச்சான்காரர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்து வரப்போகிற வார்த்தை எனக்கு மனப்பாடம்.

"வரலை மச்சான்."

குரல் பெரிசாக ஒன்றுமில்லை, சாதாரணமாக மற்ற மனுஷர் பேசுகிற அளவுதான். ஆனால் அவரிடமிருந்து அந்த அளவுச் சத்தத்தை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. மாமியார் அழுகையை நிறுத்திவிட்டார். மச்சான்காரர் என்னைப் பார்த்தார், நான்தான் சொன்னேனோ என்று. "நான் வரலை. எனக்குப் போக இஷ்டமில்ல. புள்ள இங்க இருக்கு. நான் இங்கயே ஏதாச்சும் பண்ணிக்கிறேன்" என்று பாய் முழுசாகச் சொல்லி முடித்தார். பிறகு, துடைத்த புழுவையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

மச்சான்காரர் திரைப்பக்கம் திரும்பினார். "என்னம்மா இது? உன் வூட்டுக்காரர் பேசறதைக் கேட்டியா? நீ என்ன சொல்றே?"

திரை விலகியது. அக்கா வாசற்படியில் வந்து நின்றார். சிரித்த கண்ணில் இப்போது தண்ணீர் நின்றது. அண்ணனைப் பார்க்கவே இல்லை, பாயைப் பார்த்துத்தான் கேட்டார். "ஒவ்வொரு தடவையும் போறேன்னு சொன்னீங்க, நானும் பொட்டி கட்டுனேன். போகலைன்னு ஒரே ஒரு தடவை, என் காதுல விழற மாதிரி சொல்லியிருந்தா நான் கட்டியிருப்பேனா? உங்களுக்குத்தான் அங்க இருக்கப் புடிச்சிருக்குன்னு இத்தன வருஷம் நெனைச்சுக்கிட்டு இருந்தேனே."

பாய் பதில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, மச்சான்காரருக்கும் கேட்கவில்லை. அக்கா தலையை ஆட்டினார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பெட்டிமேலிருந்து இறக்கிவிட்டார்.

"அம்மா, அந்தக் கத்திரிக்கோலை எடுங்க."

"இப்ப எதுக்குடி கத்திரிக்கோலு?"

"பொட்டிக் கயித்தை அறுக்க" என்றார் அக்கா.